மறதிக்கு முன்னால் வருவது

அல்சைமர் நோய் என்று இன்று நாம் சொல்வதற்குக் காரணமான முதல் நோயாளியின் பெயர் அகுஸ்டே டீட்டர். 1901-இல் ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் நகரத்து மனநல மருத்துவமனையில் கொண்டுவந்து சேர்த்தபோது அவருக்கு 51 வயது. அவரைப் பார்த்த மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் கைப்பட எழுதிய குறிப்புகள் எங்கேயோ தொலைந்து, 1990-களில் அதே ஊரில் மறுபடி கிடைத்தன. உங்கள் பெயர் என்ன என்று கேட்கிறார். "அகுஸ்டே." குடும்பப் பெயர்? "அகுஸ்டே." கணவர் பெயர்? "அகுஸ்டே என்று நினைக்கிறேன்."

இந்தக் கேள்வி பதிலைத்தான் எல்லாரும் எடுத்துச் சொல்வார்கள். எனக்கு உறைத்தது வேறு. 1907-இல் அல்சைமர் வெளியிட்ட சின்னக் கட்டுரையில், இந்தப் பெண்ணிடம் முதன்முதலாகக் கவனத்துக்கு வந்த மாற்றம் எது என்று சொல்கிறார்: கணவர் மேல் பொறாமை, சந்தேகம். ஞாபகக் குறைவு அதற்குப் பின்னால்தான் வருகிறது.

நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றைக்கும் டிமென்ஷியா, அதாவது அல்சைமர் போன்ற நோய்களால் நினைவும் யோசனையும் தேய்ந்துபோகும் நிலை என்றால் நெற்றியில் கண்ணாடியை ஏற்றிவிட்டு அதையே தேடும் தாத்தாதான் நம் மனதுக்கு வருகிறார். என் பெரியப்பாவுக்கு இந்த நோய் தொடங்கிய காலத்தில் எங்கள் வீட்டில் யாரும் மறதி பற்றிப் பேசவே இல்லை. பிடிவாதம் ஜாஸ்தியாகிவிட்டது என்றோம். சோம்பேறி ஆகிவிட்டார் என்றோம். "ரிட்டயர் ஆனதுலேருந்து மனுஷன் மாறிட்டாரு" என்று பெரியம்மா சொன்னதுதான் உண்மைக்கு மிக அருகில் இருந்தது. ஆனால் அவர் குறை சொல்கிறார் என்று நினைத்தோமே தவிர, நோயின் தகவல் சொல்கிறார் என்று யாருக்கும் தோன்றவில்லை.

பெரியப்பா கணக்கு வாத்தியார். வீட்டு வரவு செலவை நீளமான நோட்டில் தினமும் இரவு எழுதுவார். ஸ்கேல் வைத்துப் பத்தி பிரிப்பார், கூட்டுத்தொகை மட்டும் சிவப்பு மையில் இருக்கும். பின்னால் ஒரு நாள் அந்த நோட்டுகளை வரிசையாக எடுத்துப் பார்த்தோம். எந்த மருத்துவ அறிக்கையும் அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்காது. முதலில் சிவப்பு மை நின்றுபோயிருந்தது. அப்புறம் ஒரே மின்கட்டணம் அடுத்தடுத்த நாளில் இரண்டு முறை எழுதப்பட்டிருந்தது. அப்புறம் செலவின் பெயர் இருக்கும், தொகை இருக்காது. கடைசிப் பக்கங்களில் ஸ்கேல் வைத்து இழுத்த கோடுகள் மட்டும், அவருடைய வழக்கமான நேர்த்தியோடு, பக்கம் பக்கமாக. உள்ளே ஒன்றும் இல்லை. கை பழகிய வேலையைச் செய்துகொண்டே இருந்திருக்கிறது.

அதே சமயத்தில்தான் சண்டையும் தொடங்கியது. பாஸ்புக்கைக் காணோம், பெரியம்மா எடுத்து ஒளித்து வைத்துவிட்டார் என்று குற்றச்சாட்டு. அது செருப்புப் பெட்டிக்குள் கிடைத்தது. அங்கே வைத்தவர் அவரேதான். பத்திரமாக இருக்கட்டும் என்று வைத்திருக்கிறார். வைத்தது ஞாபகத்தில் பதியவே இல்லை. பதியாத இடத்தை மூளை சும்மா விடாது, ஏதாவது ஒரு காரணத்தை இட்டு நிரப்பும். நான் வைக்கவில்லை, பொருள் இல்லை, அப்படியானால் யாரோ எடுத்திருக்கிறார்கள். அந்த யாரோ பெரும்பாலும் கூடவே இருந்து கவனித்துக்கொள்பவராகத்தான் இருப்பார். பாவம், அதிகமாகப் பாடுபடுகிறவருக்கே திருட்டுப் பட்டம்.

பொருளை இடம் மாற்றி வைப்பது எல்லாருக்கும் நடக்கிறதே என்று கேட்கலாம். நடக்கிறது. சாவியைத் தொலைத்தால் நாம் என்ன செய்கிறோம்? கடைசியாக எங்கே நின்றோம், எப்போது கையில் இருந்தது என்று மனதுக்குள் பின்னோக்கி நடந்து போய்க் கண்டுபிடிக்கிறோம். அந்தப் பின்னோக்கிய நடைதான் இந்த நோயில் முதலில் போகிறது. பொருள் தொலைவதைவிட, தேடும் வழி தொலைவதைத்தான் கவனிக்க வேண்டும். வைத்த இடமும் விசித்திரமாக இருக்கும்: துணி அலமாரியில் டிவி ரிமோட், ஃப்ரிட்ஜுக்குள் கைக்கடிகாரம்.

வயதானால் மூளை கொஞ்சம் மெதுவாகும். அது நோய் இல்லை. ஒரு பெயர் நாக்கின் நுனியில் நின்றுகொண்டு வர மறுக்கும், ராத்திரி படுத்த பிறகு தானாக வந்து சேரும். அறைக்குள் போய் எதற்கு வந்தோம் என்று நிற்போம். இதற்கெல்லாம் பயப்பட வேண்டியதில்லை. அல்சைமரில் நடப்பது இன்னொரு மாதிரி. மூளையில் புதிய நினைவுகளைப் பதிய வைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியும் அதைச் சுற்றியுள்ள இடமும்தான் பெரும்பாலும் முதலில் பாதிக்கப்படுகின்றன. பேனா ஓடுகிறது, தாளில் மை விழவில்லை என்கிற நிலைமை. நேற்று வந்துபோன விருந்தாளியின் பெயர் மறந்தால் சாதாரணம். யாரும் வரவே இல்லை என்று அவர் உறுதியாகச் சொன்னால் கவனிக்க வேண்டும்.

எங்களுக்கு ஒரு நரம்பியல் மருத்துவர் சொல்லித் தந்த சின்ன உபாயம் இது: துப்பு கொடுத்துப் பாருங்கள். 'நேத்து சாயங்காலம், நீலச் சட்டை போட்டுக்கிட்டு, கையில ஃபைலோட வந்தாரே' என்று எடுத்துக் கொடுத்தால், சாதாரண மறதிக்காரர் 'ஆமா ஆமா, அந்த ஃபைலைக்கூட இங்கேயே விட்டுட்டுப் போயிட்டார்' என்று நாம் சொல்லாத ஒன்றையும் சேர்த்துச் சொல்வார். நினைவு உள்ளே இருக்கிறது, எடுக்கத்தான் சிரமம். அல்சைமரில் எத்தனை துப்பு கொடுத்தாலும் அந்த இடம் வெறுமையாகவே இருக்கும். பெரியப்பா மரியாதைக்கு 'ஓ, அவரா' என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வராது.

உறவினர்கள் சொல்லும் ஆறுதல் ஒன்று உண்டு. "இவருக்கா மறதி? அம்பது வருஷத்துக்கு முன்னாடி நடந்ததை அச்சுப் பிசகாமச் சொல்றாரே!" இது ஆறுதலே இல்லை. புதிய நினைவுகள் முதலில் போகும், பழையவை கடைசி வரை தாக்குப்பிடிக்கும் என்பதை பிரெஞ்சு உளவியலாளர் தியோடூல் ரிபோ 1881-லேயே எழுதிவிட்டார். பழைய கதை தெளிவாக வருவது இந்த நோயின் இயல்பு. ஒரு மணி நேரத்துக்குள் அதே கதை மூன்று முறை வருகிறதா, சொன்னது தெரியாமல் முதல்முறை சொல்கிற உற்சாகத்தோடே வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

மறதியை ஒதுக்கிவிட்டு மற்றவற்றுக்கு வருகிறேன். வீடுகளில் கோட்டை விடுவது இங்கேதான்.

வரிசையாகச் செய்யும் வேலைகள் தடுமாறும். ஆயிரம் முறை செய்த சமையல், முப்பது வருடம் ஓட்டிய தையல் மிஷின், ரயில் டிக்கெட் பதிவு என எதுவாகவும் இருக்கலாம். ஒவ்வொரு படியும் தெரியும். எதற்குப் பின் எது என்பதுதான் கலையும். இப்படித் தடுமாறுகிறவர் தடுமாறுகிறேன் என்று சொல்லமாட்டார். "போதும், எத்தனை காலம் நானே செய்யறது" என்று வேலையையே விட்டுவிடுவார். அதனால்தான் ஒருவர் ஆசையாகச் செய்த காரியத்தைக் காரணமில்லாமல் நிறுத்தினால், ஏன் என்று ஒருமுறை யோசிக்கச் சொல்கிறேன்.

பணம் இன்னொரு இடம். அமெரிக்காவில் கடன் கணக்குகளையும் மருத்துவப் பதிவுகளையும் சேர்த்துப் பார்த்து 2020-இல் வெளியான ஆய்வு ஒன்று, நோய் கண்டறியப்படுவதற்கு ஆறு ஆண்டுகள் முன்பிருந்தே சிலர் தவணைகளைத் தவறவிடத் தொடங்கியதைக் காட்டியது. டாக்டருக்கு முன்னால் வங்கிக்குத் தெரிந்திருக்கிறது. கட்டிய பில்லையே திரும்பக் கட்டுவது, கட்டாமலே விடுவது, சில்லறை எண்ணும்போது குழம்பி முழு நோட்டாக நீட்டிவிடுவது, லாட்டரி விழுந்திருக்கிறது என்று போனில் சொன்ன குரலை நம்பி ஓ.டி.பி.யைக் கொடுப்பது, அதுவும் வாழ்நாள் முழுக்க ஒரு பைசாவுக்குக் கணக்குக் கேட்டவர் கொடுப்பது. கடைசியில் சொன்னதைக் கவனியுங்கள். எப்போதுமே ஏமாளியாக இருந்தவர் ஏமாந்தால் அது அவர் சுபாவம். கறாரானவர் ஏமாந்தால் அது தகவல். ஊரோடு ஒப்பிட்டுப் பயனில்லை. அவரை அவருடைய பழைய ஆளோடு ஒப்பிட வேண்டும். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயம் மனதில் நிற்குமென்றால் அது இதுவாக இருக்கட்டும்.

பேச்சில் பெயர்ச்சொற்கள் உதிரும். "அதை எடு", "அந்த இது எங்கே" என்று எல்லாம் 'அது இது' ஆகும். கடிகாரத்தை 'கையில கட்டுவோமே, நேரம் பார்க்க' என்பார்கள். பேச்சின் ஓட்டமும் குரலும் அப்படியே இருப்பதால் கேட்பவருக்கு எதுவும் குறைவதாகத் தோன்றாது. பிரிட்டிஷ் நாவலாசிரியர் ஐரிஸ் மர்டாக்கின் கடைசி நாவல் 1995-இல் வந்தது, நோய் கண்டறியப்படுவதற்கு முன்பு. பிற்பாடு ஆய்வாளர்கள் அவருடைய முந்தைய நாவல்களோடு ஒப்பிட்டபோது, கடைசி நாவலில் வாக்கிய அமைப்பு பெரிதாக மாறவில்லை, சொல்வளம் மட்டும் சுருங்கியிருந்தது தெரிந்தது. நாவல் எழுதுகிற அளவுக்குத் திறன் இருந்தபோதே நோய் உள்ளே வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது.

கண் இன்னொரு புதிர். சிலருக்கு நோய் மூளையின் பின்பக்கத்தில், பார்ப்பதைப் புரிந்துகொள்ளும் பகுதியில் தொடங்கும். வாசிக்கும்போது வரி தாவும், படிக்கட்டின் ஆழம் பிடிபடாது, தரையில் விரித்த கறுப்பு மிதியடி பள்ளம்போலத் தெரியும், கண் முன்னால் இருக்கும் பாத்திரம் கண்ணில் படாது. கண் மருத்துவர் பார்த்துவிட்டு, கண் நன்றாகத்தான் இருக்கிறது என்று அனுப்பிவிடுவார். கண்ணாடி மேல் கண்ணாடியாக மாற்றியும் குறை தீரவில்லை என்றால் பிரச்சினை கண்ணில் இல்லாமலும் இருக்கலாம். பழகிய தெருவில் வழி தவறுவதும், காரில் புதுப்புதுக் கீறல்கள் விழுவதும் இதோடு சேர்ந்தவை.

சோம்பல் என்று எல்லாரும் சொல்வது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். டிமென்ஷியாவில் வரும் நடத்தை மாற்றங்களில் மிகச் சாதாரணமானது ஆர்வமின்மை. மனுஷன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருப்பார். செய்தித்தாள் மடியில் கிடக்கும், பக்கம் திரும்பாது. குளிக்கச் சொன்னால் அப்புறம் என்பார். மனச்சோர்வும் இப்படித்தான் வெளியே தெரியும். ஆனால் சோர்வில் இருப்பவர் உள்ளுக்குள் வாடுவார், தன்னையே நொந்துகொள்வார். ஆர்வம் அணைந்தவருக்கு அந்த வேதனைகூட இருக்காது. நமக்குத்தான் பதற்றம், அவருக்கு ஒன்றுமே இல்லை. இரண்டும் கலந்து வருவதும் உண்டு, அதனால் வீட்டில் இருந்தபடி தீர்ப்பு எழுதாமல் மருத்துவரிடம் விடுவது நல்லது. "எழுந்து நாலு இடம் போயிட்டு வாங்க, எல்லாம் சரியாப் போயிடும்" என்று அவரை விரட்டிக்கொண்டே இருந்த உறவினர்களை நினைத்தால் எனக்கு இப்போதும் எரிச்சல்தான்.

டிமென்ஷியா ஒரே நோய் அல்ல. பல நோய்கள் கொண்டுவந்து சேர்க்கும் ஒரு நிலை. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2021-இல் உலகில் 5.7 கோடிப் பேருக்கு டிமென்ஷியா இருந்தது, அதில் 60 முதல் 70 சதவீதம் அல்சைமர். மிச்சம் இருப்பவற்றில் சிலவற்றுக்கு மறதியே தாமதமாகத்தான் வரும்.

மூளையின் முன்பகுதியும் பக்கவாட்டுப் பகுதியும் தேயும் வகையில் முதலில் மாறுவது குணம். பெரும்பாலும் 45-க்கும் 65-க்கும் இடையில் தொடங்கும். மென்மையாகப் பேசியவர் முகத்துக்கு நேரே கேவலமாகப் பேசுவார். மனைவி அழுதால் ஏன் என்று கேட்காமல் டிவி பார்ப்பார். இனிப்பு மேல் திடீர் வெறி வரும். இதைக் குடும்பச் சண்டை என்றோ நடுவயதுக் கோளாறு என்றோ எடுத்துக்கொண்டு விவாகரத்து வரை போனவர்கள் உண்டு. இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு வகை பேச்சிலிருந்து தொடங்கும். நடிகர் புரூஸ் வில்லிஸுக்குப் பேச்சுக் குறைபாடு என்று 2022-இல் குடும்பத்தார் அறிவித்தார்கள், 2023-இல்தான் இந்த வகை டிமென்ஷியா என்று பெயர் தெரிந்தது.

லூயி பாடி வகையில் நினைவு ஓரளவு நன்றாகவே இருக்க, இல்லாத ஆட்கள் தெரிவார்கள். மங்கலாக இல்லை, துல்லியமாக: அறை மூலையில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகள், குறுக்கே ஓடும் சின்ன விலங்குகள். காலையில் தெளிவு, மதியம் குழப்பம் என்று ஒரே நாளில் ஏறி இறங்கும். நடை சுருங்கும், உடல் விறைக்கும். இதற்கெல்லாம் பல வருடம் முன்பே தூக்கத்தில் கனவுக்கேற்பக் கத்துவதும் கை கால்களை வீசுவதும் தொடங்கியிருக்கலாம்; பக்கத்தில் படுத்தவரைக் கேட்டால் மட்டுமே தெரியவரும் அறிகுறி இது. இந்த வகையை முக்கியமாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. மாயக் காட்சி தெரிகிறதே என்று ஹாலோபெரிடால் போன்ற மனநோய் மருந்து கொடுத்தால் இவர்களுக்கு ஆபத்தான எதிர்விளைவு வரலாம். ஆகவே கண்ணுக்கு ஆட்கள் தெரிவதை, வெட்கப்பட்டு மறைக்காமல் மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும்.

ரத்தக்குழாய் அடைப்பால் வருவது படிப்படியாக இறங்கும்: கொஞ்ச காலம் அப்படியே இருக்கும், திடீரென்று ஒரு படி கீழே போகும். யோசனையின் வேகம் குறைவதுதான் இதில் முன்னால் தெரியும். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பல காலம் கவனிக்கப்படாமல் இருந்திருந்தால் சந்தேகம் கூடும்.

எல்லாக் குழப்பமும் டிமென்ஷியா ஆகிவிடாது. சில மணி நேரத்தில் அல்லது ஓரிரு நாளில் ஒருவர் திடீரென்று குழம்பினால், இடம் தெரியாமல் உளறினால், அல்லது வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிந்தால், அதை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. சிறுநீர்த் தொற்று, நிமோனியா, உடலில் நீர் வற்றுவது, சோடியம் குறைவது, அறுவை சிகிச்சை, புது மருந்து என்று உடனே கவனிக்க வேண்டிய காரணம் ஒன்று பின்னால் இருக்கும். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். டிமென்ஷியா மாதக் கணக்கில், வருடக் கணக்கில் நடந்து வருவது. அது ஒரே ராத்திரியில் வீட்டுக்குள் நுழைவதில்லை. ஆனால் ஏற்கெனவே டிமென்ஷியா உள்ளவருக்கு இப்படித் திடீர்க் குழப்பம் வர வாய்ப்பு அதிகம், 'நோய் முத்திவிட்டது' என்று விட்டுவிடும் ஆபத்தும் அதிகம். கத்தாமல் அமைதியாகச் சுருண்டு படுத்துவிடும் விதமும் உண்டு. தொந்தரவு இல்லை என்று நிம்மதியாக இருந்துவிடுவார்கள்.

சரி செய்யக்கூடிய காரணங்களும் இருக்கின்றன. பி12 குறைவு ஒன்று. சர்க்கரைக்கு மெட்ஃபார்மினோ, வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையோ நெடுங்காலம் சாப்பிடுபவர்களுக்கு இது வரலாம். தைராய்டு சுரப்புக் குறைவு ஒன்று. லேசாகத் தலையில் அடிபட்டு வாரக்கணக்கில் கழிந்த பிறகு மண்டைக்குள் தேங்கும் ரத்தம், குறிப்பாக ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்களுக்கு. மூளைக்குள் நீர் கோத்துக்கொள்ளும் ஒரு வகை உண்டு: பாதம் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல நடை, சிறுநீரை அடக்க முடியாமை, மந்தமான யோசனை, இந்த மூன்றும் சேர்ந்து வரும். சிலருக்குக் குழாய் வைத்து நீரை வடித்தால் நடை திரும்பிவிடும். தூக்க மாத்திரைகள், மயக்கம் தரும் பழைய வகைச் சளி மாத்திரைகள், அலர்ஜி மாத்திரைகள், சிறுநீர்ப்பைக்குக் கொடுக்கும் சில மருந்துகள்கூட வயதானவர் நினைவைக் கலைத்துவிடும். அப்புறம் காது. கேட்காத ஒன்றை யாராலும் ஞாபகம் வைத்திருக்க முடியாது. 2024-இல் லான்செட் மருத்துவ இதழின் குழு, மாற்றக்கூடிய 14 காரணிகளைச் சமாளித்தால் உலகின் டிமென்ஷியாவில் சுமார் 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பிருக்கிறது என்று சொன்னது. காது மந்தம் அந்தப் பட்டியலில் முக்கியமான ஒன்று.

பெரியப்பாவை மருத்துவரிடம் கூட்டிப்போவது லேசாக நடக்கவில்லை. 'எனக்கு என்ன, பைத்தியமா' என்றார். பெரியம்மாதான் வழி கண்டுபிடித்தார்: "எனக்கு பி.பி. பார்க்கணும், துணைக்கு வாங்க. வந்த இடத்துல நீங்களும் ஒரு தடவை காட்டிக்கோங்க." வந்தார். தனக்கு ஒன்றும் இல்லை என்று அவர் சொன்னது வீம்பு இல்லை. தன் குறையைத் தானே உணரும் திறனையும் இந்த நோய் பலருக்கு எடுத்துவிடுகிறது. தன் மறதியைப் பற்றித் தானே கவலையோடு வந்து புலம்புபவரைவிட, 'எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு' என்று அவர் சொல்ல, பின்னால் நிற்கும் மகள் உதட்டைப் பிதுக்கினால் மருத்துவர்கள் அதிகம் கவலைப்படுவார்கள்.

உள்ளே நடந்ததை அப்படியே சொல்கிறேன். இன்றைக்கு என்ன தேதி என்று கேட்டார் டாக்டர். "ரிட்டயர் ஆனவனுக்கு எல்லா நாளும் ஞாயித்துக்கிழமைதான் சார்" என்றார் பெரியப்பா. எல்லாரும் சிரித்தோம், டாக்டர் உட்பட. ஆனால் அவர் ஏதோ குறித்துக்கொண்டார். அடுத்து, என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்? பெரியப்பாவின் தலை பெரியம்மா பக்கம் திரும்பியது. வீட்டில் எத்தனை பேர்? மறுபடி திரும்பியது. பதில் தேடித் துணைவரைத் திரும்பிப் பார்ப்பதை நரம்பியலில் ஓர் அறிகுறியாகவே எண்ணுகிறார்கள் என்று பிறகு தெரிந்தது. வீட்டில் அந்தத் திரும்பலை எத்தனையோ முறை பார்த்திருந்தோம். நாற்பது வருடத் தாம்பத்தியத்தின் அந்நியோன்யம் என்றுதான் நினைத்திருந்தோம்.

பிறகு ஒரு வெள்ளைத் தாள். கடிகாரம் வரைந்து, பதினொன்று மணி பத்து நிமிடம் காட்டச் சொன்னார். காம்பஸ் இல்லாமலே வட்டம் போடத் தெரிந்த கை. வட்டம் அப்பழுக்கில்லாமல் விழுந்தது. எண்கள் வலது பக்கம் நெருக்கியடித்து நின்றன, இடது பக்கம் காலியாகக் கிடந்தது. முள் போடும்போது நிறைய யோசித்தார். ஒன்றைப் பதினொன்றுக்கும் இன்னொன்றைப் பத்துக்கும் நீட்டினார். அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்ததே இதற்காகத்தான்: பத்து நிமிடம் என்றால் முள் 2-இல் நிற்க வேண்டும் என்று மனதுக்குள் மாற்றிப் பார்க்க வேண்டும், காதில் விழுந்த 'பத்து' என்ற எண்ணின் இழுப்பைத் தடுக்க வேண்டும். பெரியப்பா தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "இதெல்லாம் ஸ்கூல் பசங்களுக்குக் குடுக்கிற கணக்கு" என்றார்.

இந்த மாதிரிச் சோதனைகளில் பெரும்பாலும் 30-க்கு மதிப்பெண். அந்த எண்ணை ரொம்பப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நிறையப் படித்தவர் நோயோடும் நல்ல மதிப்பெண் வாங்கிவிடுவார். பள்ளிக்கூடமே போகாதவர் நோய் இல்லாமலும் குறைவாக வாங்குவார். இணையத்தில் கிடக்கும் வினாத்தாளை எடுத்து வீட்டுப் பெரியவர்களுக்குத் தேர்வு வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், அது வேண்டாம். 'நான் யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்' என்ற விளையாட்டு அதைவிட மோசம். தெரியாவிட்டால் அவருக்கு அவமானம், தெரிந்தால் எரிச்சல்.

மருத்துவருக்கு உண்மையில் பயன்படுவது வீட்டார் எழுதி வரும் குறிப்புதான். 'மறதி அதிகம்' என்று எழுதினால் ஒன்றும் தெரியாது. 'சென்ற மாதம் வங்கிக்குப் போய் வழி தெரியாமல் திரும்பி வந்தார், அதற்கு முன் அப்படி நடந்ததில்லை' என்று எழுதினால் பயன் உண்டு. எது முதலில் மாறியது, எப்போதிலிருந்து, மெதுவாகவா திடீரென்றா, எந்த வேலையை அவர் கைவிட்டார், அதை இப்போது யார் செய்கிறார்கள் என்றும் எழுதுங்கள். கடைசிக் கேள்வி முக்கியம். மனைவியோ கணவனோ ஒவ்வொரு வேலையாகச் சத்தமில்லாமல் தன் தலையில் எடுத்துப் போட்டுக்கொள்வதால், நோய் வெளியே தெரியாமலே பாதித் தூரம் வந்துவிடும். அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், மருந்துக் கடையில் தானாக வாங்கியவை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

லேசான அறிவாற்றல் குறைபாடு, அதாவது குறை தெரிகிறது ஆனால் அன்றாட வேலைகள் கெடவில்லை என்று மட்டும் சொல்லி அனுப்பினால் இடிந்துபோக வேண்டாம். அதில் சிலர் டிமென்ஷியாவுக்குப் போகிறார்கள், சிலர் அப்படியே இருக்கிறார்கள், சிலர் பழைய நிலைக்கே திரும்புகிறார்கள். ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்துத் திரும்பக் காட்டுவதுதான் வேலை.

குணப்படுத்த முடியாத நோயை முன்கூட்டியே தெரிந்துகொண்டு என்ன ஆகப்போகிறது என்று ஒரு மாமா கேட்டார். நியாயமான கேள்விதான். டோனபெசில், மெமன்டைன் போன்ற மருந்துகள் அறிகுறிகளைக் கொஞ்சம் சமாளிக்க உதவும், நோயை நிறுத்தாது. 2023-இல் அமெரிக்காவில் முழு ஒப்புதல் பெற்ற லெகானெமாப் போன்ற புதிய மருந்துகள் வேகத்தை ஓரளவு குறைக்கின்றன, ஆனால் ஆரம்ப நிலையில் உள்ளவர்களுக்கு மட்டும். மூளையில் வீக்கம், ரத்தக்கசிவு என்ற ஆபத்தும் கூடவே வருகிறது. என்னைக் கேட்டால் மருந்தைவிடப் பெரிய லாபம் இரண்டு. பெயர் தெரிந்த அன்றே பெரியம்மா பாஸ்புக் சண்டையை விட்டார். திருடி என்று சொன்னவர் பெரியப்பா இல்லை, நோய் என்று தெரிந்த பிறகு, "வாங்க, ரெண்டு பேருமாத் தேடலாம்" என்று சொல்ல அவரால் முடிந்தது. இரண்டாவது, கையெழுத்துப் போடும் தெளிவு இருக்கும்போதே உயில், வங்கிக் கணக்கு, இனி யார் முடிவெடுப்பது என்பதையெல்லாம் அவரையே கேட்டு முடிக்க முடிந்தது. கார் சாவியைப் பற்றியும் அப்போதே பேசினோம். அதில் மட்டும் கோபப்பட்டார், ஒரு வாரம் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

அந்தப் பேச்சுகளின் நடுவில் ஒருமுறை, வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நான் உட்கார்ந்திருக்கும்போதே என்னைப் பத்தி டாக்டர்கிட்ட பேசாதீங்கப்பா, நான் இல்லாத மாதிரி" என்றார். அதற்குப் பிறகு சொல்ல வேண்டியதையெல்லாம் முந்தின நாளே எழுதி, உள்ளே போவதற்கு முன் நர்ஸிடம் கொடுத்துவிடுவோம். டாக்டர் அறையில் கேள்வி பெரியப்பாவுக்கு, பதிலும் அவருடையது, அது எவ்வளவு நேரம் எடுத்தாலும்.